சிரிக்க மட்டும்தான் செய்தேன்

"அக்கா, இந்த ஆண்டு மலரில் முன்னாள் மாணவர் பக்கத்துக்கு நீங்கள் ஒரு கட்டுரை தர வேண்டும். பழைய நினைவுகள், கலை நிகழ்ச்சி அனுபவங்கள் என்று எதுவாக இருந்தாலும் சரி" என்று மலர்க் குழுவிலிருந்து ஒரு தங்கை கேட்டார். இரண்டு வாரம் நான் பதில் சொல்லவில்லை. நான் 2003 முதல் 2007 வரை நம் சங்கத்தில் இருந்தவள். நினைவுகளுக்கா பஞ்சம்? விடிய விடிய ஒத்திகை பார்த்தது, உணவங்காடி நிலையத்தில் ஒரே தட்டு மீ கோரிங்கை நான்கு பேர் பங்கிட்டது, மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொல்லிக் காவலாளி மன்றாடியது என்று எத்தனையோ உண்டு. ஆனால் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் வேறொரு நினைவுதான் முன்னால் வந்து நின்றது. அதை எழுத வேண்டுமானால் முதலில் என் மகனின் கைத்தொலைபேசியைப் பற்றி எழுத வேண்டும்.

2025 ஆகஸ்டு மாதம். தேசிய தினக் கொண்டாட்டம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். வேலை முடிந்து பேருந்தில் நின்றபடி வந்துகொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து பெற்றோருக்கான செயலி வழியாக ஓர் அறிவிப்பு வந்தது. உல்லாசப் பயண அனுமதியாகவோ பல் பரிசோதனை நாளாகவோ இருக்கும் என்று திறந்தேன்.

ஆங்கிலத்தில் ஐந்தே வரி. உயர்நிலை 1 மாணவர் ஒருவரின் உருவத்தைத் தகாத முறையில் மாற்றியமைத்த படம் ஒன்று மாணவர்களிடையே பகிரப்படுவதாகத் தெரியவந்துள்ளது. பிள்ளைகளுடன் பேசுங்கள். அவர்களுடைய சாதனத்தில் அந்தப் படம் இருந்தால் யாருக்கும் அனுப்பாமல் பள்ளியைத் தொடர்புகொள்ளுங்கள். அவ்வளவுதான்.

என் மகன் உயர்நிலை 1.

இப்படிப்பட்ட செய்திகளை நான் படிக்காதவள் அல்ல. 2024 நவம்பரில் இங்கே ஒரு பள்ளியில் மாணவர்கள் சிலர் சக மாணவிகளின் முகங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் பொய்யான ஆபாசப் படங்களை உருவாக்கியதும், காவல்துறை விசாரித்ததும் நாளிதழ்களில் வந்தன. 2025 ஏப்ரலில் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூரின் கூலாயில், அதேபோன்ற குற்றச்சாட்டில் 16 வயதுப் பையன் ஒருவன் கைதானான். இரண்டையும் படித்துவிட்டு "பெற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்று அலுவலகத்தில் மதிய உணவின்போது கேட்டவள் நான். அதே கேள்வி இப்போது என் பேருந்து நிறுத்தத்தில் என்னோடு இறங்கி, என்னோடு மின்தூக்கியில் ஏறி, பன்னிரண்டாம் மாடிவரை வந்தது.

வீட்டில் மகன் மைலோ கலக்கிக்கொண்டிருந்தான். பாப்பா தொலைக்காட்சி முன். என் கணவருக்கு அந்த வாரம் இரவு வேலை.

"பள்ளியில ஏதாவது விசேஷமா ஐயா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

அத்தோடு விட்டுவிட்டேன். பள்ளி அனுப்பிய அறிவிப்பு முதலில் "பேசுங்கள்" என்றது. "சாதனத்தில்" என்பது அடுத்த வரியில் வந்தது. நான் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரிக்குப் போனேன். ஏன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். பேசினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு முகம் இல்லை. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு விதி இது. இரவு பத்து மணிக்கு எல்லாருடைய கைத்தொலைபேசியும் கூடத்தில் மின்னூட்டத்துக்குப் போய்விட வேண்டும். அவனுடைய கடவு எண் எனக்குத் தெரியும். ஆனால் தொலைபேசியை வாங்கிக் கொடுத்த அன்றே அவனுக்கு ஒரு வாக்கும் கொடுத்திருந்தேன். "அம்மா பார்க்கணும்னா கேட்டுட்டுத்தான் பார்ப்பேன்." அந்த வாக்கை அன்றிரவு 10.50க்கு மீறினேன்.

படத் தொகுப்பில் 3,846 படங்கள். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். கணிதப் பயிற்சித் தாள்கள். வெள்ளைப்பலகையில் ஆசிரியர் எழுதிய வீட்டுப்பாடம். காற்பந்து வீரர்கள். எங்கள் புளோக்கின் கீழே படுத்திருக்கும் பூனை, ஒரே கோணத்தில் ஏறத்தாழ நாற்பது முறை. குடும்பக் குழுவில் என் மாமியார் தினமும் அனுப்பும் காலை வணக்க ரோஜாப் பூக்கள். அலுவலக உடையோடு சோபாவில் வாயைத் திறந்தபடி நான் தூங்கும் படம் ஒன்று. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. என் அனுமதி இல்லாமல் எடுத்திருக்கிறான்! அந்தக் கோபத்தோடு, அவன் அனுமதி இல்லாமல் அவனுடைய படங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடியது கிடைத்தது. அதை நான் வருணிக்கப் போவதில்லை. வகுப்புப் புகைப்படத்திலிருந்து எடுத்த ஒரு சிறுமியின் முகம் என்பது மட்டும் புரிந்தது. நாலாம் வகுப்புவரை எங்கள் வீட்டுக்கு வந்து பாப்பாவோடு விளையாடிய பிள்ளை. வயிற்றைப் பிசைந்தது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மறுபடி எடுத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. படம் இருந்தது வாட்ஸ்அப் படங்களுக்கான கோப்புறையில். பெற்றோர்களே, இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் வாட்ஸ்அப்புக்கு வரும் படங்கள் தாமாகவே படத் தொகுப்பில் வந்து விழும்படிதான் அமைப்பு இருக்கும். நாமாக மாற்றினால்தான் மாறும். குழுவில் யாரோ அனுப்பியது, இவன் விரல் படாமலேயே இவன் தொகுப்பில் வந்து உட்கார்ந்துவிடும். மாமியாரின் ரோஜாப் பூ எப்படி வந்ததோ அப்படித்தான் இதுவும் வந்திருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. என் பிள்ளை சேமிக்கவில்லை, இயந்திரம் சேமித்தது!

அதோடு நிறுத்தியிருக்கலாம். உறுதி செய்துகொள்ள அந்தக் குழுவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு 9.14க்குப் படம் வந்திருக்கிறது. அனுப்பியவன் வேறொரு பையன். அதன் கீழே வரிசையாகக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். எண்ணினேன். பதினொன்று. ஏழாவது என் மகனுடையது. மூன்று முகங்கள், சேர்த்து அனுப்பியிருந்தான்.

அவற்றுக்கு நடுவே ஒரு மாணவியின் செய்தி. "இது வேடிக்கை இல்லை. அழித்துவிடுங்கள்." அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான்கு பேர் சிரித்திருந்தார்கள்.

என் விரல் குப்பைத்தொட்டிக் குறிமேல் போய் நின்றது. படத்தை அழித்துவிடலாம். குழுவிலிருந்து அவனை வெளியேற்றிவிடலாம். காலையில் எதுவும் நடக்காதது போலத் தோசை வார்க்கலாம். அழித்தாலும் அது முப்பது நாள் அழித்தவற்றின் பட்டியலில் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதையும் அழிக்க எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் நான் யாரைக் காப்பாற்ற நினைத்தேன்? அந்தச் சிறுமியை இல்லை.

என் தோழி ஒருத்தி வழக்கறிஞர். நம் சங்கத்தில் என்னோடு இருந்தவள்தான். அந்நேரத்தில் அழைத்தேன். நான் விவரித்து முடிப்பதற்குள் குறுக்கிட்டாள்.

"முதல்ல ஒண்ணு. அந்தப் படத்தை உன் போனுக்கு அனுப்பாதே. ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே. எனக்குக் காட்டவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"அப்படின்னா ரொம்பக் கவனமா இரு. 2020 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தண்டனைச் சட்டம் மாறியிருக்கு. நிஜப் படமா இருக்கணும்னு இல்ல. மாத்தி அமைச்சதும் அந்தரங்கப் படம்தான். பதினாறு வயசுக்குக் கீழ இருந்தா இன்னும் கடுமை. அனுப்பறது மட்டுமில்ல, வச்சிருக்கறதும் குற்றம். தானா வந்து விழுந்ததுக்கும், தெரிஞ்சே வச்சுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. போனை அணைச்சு வை. காலையில அவனைக் கூட்டிக்கிட்டு, அந்தப் போனோட பள்ளிக்குப் போ. அவங்க சொல்றபடி செய்."

"அவன் அனுப்பல டீ. சிரிக்க மட்டும்தான் செஞ்சிருக்கான்."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தம் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "நாமும் சிரிக்க மட்டும்தானே செஞ்சோம்?"

எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

2005ஆம் ஆண்டு நம் சங்கத்தின் கலை நிகழ்ச்சி. இன்றைய தம்பி தங்கைகள் நம்புவீர்களோ என்னவோ, அப்போது கேமரா வைத்த கைத்தொலைபேசி என்பதே ஒரு பெருமை. எங்கள் கூட்டத்தில் நான்கைந்து பேரிடம்தான் நோக்கியா 6600 இருந்தது. 640க்கு 480 புள்ளிகளில் மங்கலாக ஒரு படம் எடுக்கும். அதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் இருவரும் அருகருகே நின்று புளூடூத்தைத் திறக்க வேண்டும். ஏறக்குறைய பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அன்று முதலாம் ஆண்டுத் தங்கை ஒருவர் நாட்டுப்புற நடனம் ஆடினார். பல்கலைக்கழகத்துக்கு வந்து எட்டு மாதம். நன்றாக ஆடுவார். ஆடி முடித்து மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கும்போது கால் இடறி விழுந்தார். சேலை அவிழ்ந்துவிட்டது. எழுந்து சேலையை அள்ளிப் பிடிப்பதற்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். அந்த ஐந்து விநாடியில் யாரோ ஒரு படம் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தப் படம் மேடைக்குப் பின்னால் கை மாறிக்கொண்டிருந்தது. என்னிடமும் ஒருவர் காட்டினார். பார்த்தேன். சிரித்தேன். என் தொலைபேசியில் கேமராவும் இல்லை, புளூடூத்தும் இல்லை. ஆகவே நான் எடுக்கவில்லை, அனுப்பவில்லை, வைத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு பட்டிமன்றத்தில் பெண்ணுரிமை பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான். அந்தப் பேச்சுக்கும் இந்தச் சிரிப்புக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

அந்தத் தங்கை அதன் பிறகு எந்த ஒத்திகைக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டு சங்க உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. "பாடம் கடினமாம்" என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்கு வசதியான காரணம். ஏற்றுக்கொண்டோம்.

காலை 5.30க்கு மகனை எழுப்பினேன். கூடத்தில் உட்கார வைத்து, அணைத்து வைத்திருந்த தொலைபேசியை மேசைமேல் வைத்தேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் நான் எதிர்பார்த்ததை அவன் முதலில் சொல்லவில்லை.

"நீங்க கேட்காமப் பார்த்துட்டீங்க."

"ஆமா."

"கேட்டுட்டுத்தான் பார்ப்பேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். மீறிட்டேன். அது தப்புத்தான். நேத்து ராத்திரி உன்னை எழுப்பிக் கேட்டிருக்கணும்."

தற்காப்புக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நான் பெற்றவள், பணம் கட்டுபவள், பள்ளியே பார்க்கச் சொன்னது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவற்றைச் சொல்லியிருந்தால் அவன் வாய் திறந்திருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. சிறிது நேரம் கழித்துத் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"நான் அனுப்பலம்மா. சேவ் பண்ணல. எல்லாரும் போட்டாங்க. நான் சிரிக்க மட்டும்தான் செஞ்சேன்."

"அந்தப் பிள்ளை அந்தக் குழுவுல இருக்கா?"

பதில் இல்லை.

"இருக்கா?"

"இருந்தா. அன்னிக்கு ராத்திரி வெளிய போயிட்டா."

அப்படியானால் பதினொரு சிரிப்பையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றாக, பெயரோடு.

அப்போதுதான் 2005ஐ அவனுக்குச் சொன்னேன். இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிவில் இரண்டு கேள்வி கேட்டான்.

"அப்புறம் அந்த அக்கா என்ன ஆனாங்க?"

"தெரியல."

"நீங்க சாரி சொன்னீங்களா?"

"இல்ல."

ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. எதிர் புளோக்கில் ஒவ்வொரு சமையலறையாக விளக்கு எரியத் தொடங்கியது. பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

பள்ளியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பாசிரியர் படத்தைக் காட்டச் சொல்லவில்லை. என்ன இருக்கிறது, எப்போது வந்தது, யார் அனுப்பியது என்று மகனையே சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். தான் சிரித்ததையும் அவனே சொன்னான். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அதன்பின் அதிகாரிகள் சொன்னபடி, அவர்கள் முன்னிலையில் படம் அகற்றப்பட்டது. அனுப்பிய பையன் மீது தனியாக விசாரணை நடந்தது. அது எங்கள் கதை அல்ல. சிரித்த பதினொரு பேருக்கும் பள்ளி ஆலோசகருடன் அமர்வுகள் இருந்தன.

அந்த ஆலோசகர் பெற்றோருக்குச் சில விவரங்கள் சொன்னார். உங்களில் பலர் விரைவில் ஆசிரியர்களாகவும், பெற்றோர்களாகவும், அண்ணன் அக்காக்களாகவும் இதே நிலையில் நிற்கக்கூடும். ஆகவே பதிவு செய்கிறேன்.

18 வயதுக்கு உட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. மற்ற நாட்டவரும் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் சாதனத்திலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண் கைரேகை உருவாகும். அந்தக் கைரேகை மட்டுமே சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அவர்கள் தளத்தில் தென்பட்டால் அகற்றுவார்கள். இணையத் தீங்குக்கு ஆளானவர்களுக்கு நம் நாட்டில் 2023 ஜனவரியிலிருந்து 'ஷீகேர்ஸ்' என்ற உதவி நிலையமும் இயங்கி வருகிறது.

ஆனால் ஆலோசகர் இன்னொன்றும் சொன்னார். வாட்ஸ்அப் போன்ற தனி உரையாடல்கள் 2016இலிருந்து முழுக்க மறைகுறியாக்கப்பட்டவை. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் யாராலும் பார்க்க முடியாது. அது நம் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு. அதே காரணத்தால் எந்தக் கருவியும் உள்ளே புகுந்து ஒரு படத்தைத் தடுக்கவும் முடியாது. "அந்த இடத்தில் தடுக்கக்கூடியவர் யார் தெரியுமா? அதைப் பெறும் பிள்ளைதான்" என்றார்.

2026 ஜனவரியிலிருந்து இங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையில்கூட, கைத்தொலைபேசி பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்திருக்கிறது. நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் எங்கள் படம் ஞாயிற்றுக்கிழமை இரவு 9.14க்கு வந்தது.

அந்த வாரக் கடைசியில் மகனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து அவன் வாட்ஸ்அப் அமைப்புகளை மாற்றினோம். படங்கள் தாமாக இறங்குவதையும், தொகுப்பில் தாமாகச் சேர்வதையும் நிறுத்தினோம். என்னுடையதிலும் மாற்றினோம். அதற்குப் பிறகு அவன் தன் பக்கத்து நிபந்தனை ஒன்றைச் சொன்னான். அவனைக் கேட்காமல் அவன் படங்களை நான் குடும்பக் குழுவில் போடக் கூடாது. ஒப்புக்கொண்டேன். சோபாவில் நான் தூங்கும் படத்தைப் பற்றிக் கேட்டேன். "யாருக்கும் அனுப்பலம்மா. சும்மா வச்சிருக்கேன்" என்றான். வேண்டாமென்றால் அழித்துவிடுவதாகவும் சொன்னான். இருக்கட்டும் என்றேன்.

அந்தச் சிறுமி ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மகன் துடித்தான். ஆலோசகர் தடுத்துவிட்டார். பதினொரு பேர் சூழ்ந்து நின்று மன்னிப்புக் கேட்பதும் அவளுக்கு இன்னொரு கூட்டம்தான் என்றார். ஆகவே கடிதம் எழுதி ஆலோசகரிடம் கொடுத்தான். நான்கு முறை கிழித்து ஐந்தாம் முறை எழுதினான். அவள் அதைப் படித்தாளா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எங்களுக்கு இல்லை. "குழுவில் அழிக்கச் சொன்ன பிள்ளைக்கு நீ அன்றைக்கே ஒரு பதில் போட்டிருக்கலாமே" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டேன்" என்றான். அவன் எனக்குச் சொன்னவற்றில் மிக நேர்மையான பதில் அதுதான்.

அவன் கடிதம் எழுதிய மறுநாள் நானும் தேடத் தொடங்கினேன். இருபது ஆண்டுகள். முன்னாள் மாணவர்கள் மூன்று பேரைக் கேட்டு, அந்தத் தங்கையின் எண்ணைப் பெற்றேன். அழைக்கத் துணிவில்லை. ஒரு செய்தி எழுதினேன். நான் யார், அன்று எங்கே நின்றேன், என்ன செய்தேன், அதற்காக வருந்துகிறேன், பதில் வேண்டியதில்லை. அவ்வளவுதான் எழுதினேன்.

பதினாறு நாள் பதில் இல்லை. பதினேழாம் நாள் வந்தது. அவர் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி நடனத்தையும் இன்னும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

"அக்கா, அந்தப் படத்தை எடுத்தது யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. யார் யாருக்குப் போனது என்றும் தெரியாது. அந்தப் படத்தை நான் பார்த்ததுகூட இல்லை. உடை மாற்றிவிட்டு வெளியே வந்தபோது நீங்கள் எல்லாம் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது அந்த முகங்கள் மட்டும்தான். ஏழு பேர். இன்றும் வரிசையாகச் சொல்வேன். நீங்கள் இடமிருந்து மூன்றாவது."

அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன.

"மண்டபத்தைத் துப்புரவு செய்யும் மலாய்க்கார மக்சிக் ஒருவர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? நான் விழுந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் தூடோங்கிலிருந்த ஊசியைக் கழற்றி என் சேலையைக் குத்திவிட்டார். 'தா அப்பா, தா அப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகமும் நினைவிருக்கிறது. நீங்கள் எழுதியதற்கு நன்றி, அக்கா. மற்ற ஆறு பேரும் எழுத வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை."

மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குத் தன் தொலைபேசியைக் கூடத்தில் வைக்க வந்தபோது மட்டும், "ஏழு பேரையும் வரிசையா ஞாபகம் வச்சிருக்காங்களா?" என்று மறுபடி கேட்டுவிட்டுப் போனான்.

தம்பி தங்கைகளே, நம் சங்கத்தின் கலை நிகழ்ச்சி இந்த ஆண்டும் வரும். மேடையில் யாராவது தடுமாறுவார்கள், வசனம் மறப்பார்கள், விழுவார்கள். மண்டபத்தில் நூற்றுக்கணக்கான கேமராக்கள் தயாராக இருக்கும். யார் எடுத்தார்கள் என்று விழுந்தவருக்குத் தெரியாமலே போகலாம். நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே நிற்கும் முகங்கள் தெரியும். உங்களில் யார் கையிலாவது ஓர் ஊசி இருக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்ற ஆறு பேருக்கும்: அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. கேட்டால் முதலில் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தருகிறேன்.